திருமலைக் கலிங்கு உணர்த்தும் நெறி
(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருமலைக் கல்வெட்டு என்றதும் முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிச் சிறப்பே பலர்க்கும் நினைவில் எழும். அதனினும் மூத்த கல்வெட்டொன்று அடிவாரக் கோபுரத்தின் முன்னுள்ள பாறையில் காணப்பெற்றது. முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1005-இல், குணவீர மாமுனிவர் சமண ஆசான் கணிசேகர மருபொற்சூரியன் பெயரால் கலிங்கு ஒன்று அமைத்த செய்தியை அது கூறுகிறது. தமக்கென ஒரு பிடி நிலமும் இல்லாத துறவி, பிறர் வயலில் நெல் விளைய நீர்ப்பணி செய்தார்.

இன்றைய வழக்கில் கலிங்கு என்பது, ஏரி நிறைந்தபின் மிகுநீரைக் கரை உடையாமல் வெளியேற்றும் வாய். அந்நீர் வீணாவதில்லை, கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்கிறது. கலிங்கை உயர்த்தினால் மேற்புறத்து வயல் மூழ்கும், கீழேரி வறளும். வரத்துக்கால் தூர்ந்திருக்க, ஏரியை மட்டும் ஆழப்படுத்துவதாற் பயனில்லை. ஆகவே ஏரி தனிப்பொருளன்று. தொடரின் ஒரு கண்ணி.

உறுப்புகளை அன்றி, அவற்றின் உறவுகளை ஆராய்வதே அமைப்புப் பொறியியல். அமெரிக்காவில் ஜே ஃபாரெஸ்டர் வகுத்த முறையைக் கொண்டு, டொனெல்லா மெடோஸ் உள்ளிட்ட குழுவினர் 1972-இல் ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் நூலை வெளியிட்டனர். மக்கட்தொகை, உணவு, தொழில், மாசு, மீளா வளம் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று எவ்வாறு தாக்குகின்றன என்பதை அவர்கள் கணித்தனர். எல்லையுள்ள உலகில் எல்லையற்ற பெருக்கம் நிலைக்காது என்பதே அதன் சாரம்.

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. தேவைக்கு ஓர் அளவு வகுத்து, மிகுதியைப் பிறர்க்கு விடுதல் அதன் பயன். கலிங்கு செய்வதும் அதுவே.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. 2017-இல் குடிமராமத்துப் பணி மீண்டும் தொடங்கப்பெற்றது. ஆயினும் அரசு தூர்வாரிய கால்வாயில் ஊரார் குப்பை கொட்டினால் நீர் வாராது. பாவில் ஓர் இழை அறுந்தால் சேலையின் நீளம் முழுதும் குறை தோன்றும் என்பதை ஆரணி நெசவாளர் நன்கறிவர். சாயக் கழிவுநீரைத் தெருக்காலில் விட்டாலும் அது எவரோ ஒருவர் கிணற்றைச் சேரும்.

விழாவிற்கு வந்தோர் தத்தம் ஊர் திரும்பியதும், ஏரிக்கு நீர் வரும் வழியையும் மிகுநீர் செல்லும் வழியையும் தம் பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து காண்பாராக. அடைப்பு எங்குள்ளது என்பது கண்ணுக்குப் புலப்படும். அதை நீக்குவது குணவீர மாமுனிவர்க்குச் செய்யும் வழிபாடாகும்.

அறம் வளர்க! நீர்வழி செழிக்க!