வெள்ளமும் தாய்மாரின் மனமும்

(தாம்பரத்தில் மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழைக்காலம் வந்தாலே நமது தாம்பரத்துப் பக்கத்து ஜனங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கின்றது. 2015-ம் வருஷம் டிசம்பரில் ஒரே நாளில் இங்கு 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதும், ஜனங்களைப் படகில் ஏற்றியதும் தாங்கள் அறிந்ததேயாகும். 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்பகுதிகள் தப்பவில்லை.

இப்படிப்பட்ட காலங்களில் அரிசி கொடுக்கின்றோம், பாய் கொடுக்கின்றோம், நல்லதுதான். ஆனால் பிரசவித்துப் பத்து நாளான ஒரு பெண், முகாமின் மூலையில் குழந்தையை ஏறெடுத்தும் பாராமல் உட்கார்ந்திருப்பாளேயானால் அவளுக்கு நாம் கொடுப்பதென்ன? "இவளும் ஒரு தாயா?" என்கின்ற வசவு, அல்லது வேப்பிலை, அல்லது தாயத்து. இவ்வளவுதானே!

தாயைத் தெய்வம் என்கின்றார்கள். எதற்காக? தெய்வத்திற்குத் தூக்கம் வேண்டாம், பசி இல்லை, களைப்பு இல்லை. தெய்வம் என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு, மனுஷிக்கு உரிய தூக்கத்தையும் ஓய்வையும் பிடுங்கிக் கொண்டார்கள். "எனக்குக் குழந்தைமேல் மனம் ஒட்டவில்லையே" என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அவளுக்குச் சுதந்திரமில்லை. சொல்லாவிட்டால் வைத்தியம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்கின்றோம்.

வைத்தியர்கள் சொல்வதைக் கேளுங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் 100-க்கு 13 பேருக்கு மனநோய், முக்கியமாய் மனச்சோர்வு, உண்டாகின்றது. வளரும் தேசங்களில் சுமார் 20 பேருக்கு. பிரசவித்த சில நாளில் வரும் அழுகையும் சலிப்பும் இரண்டு வாரத்தில் தானே தீரும். தீராவிட்டால் அது வியாதி. தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்பதாயும், குழந்தைக்குக் கேடு சூழ்ந்திருப்பதாயும் பேசுவாளானால் அது பேயல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டிய கடும் நோய். வைத்தியத்தால் குணமாகும்.

வைத்தியத்தை விட்டுக் குருட்டு நம்பிக்கையை நாடியதன் பலன் என்ன? 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையானார்கள். எந்த மதத்தின் பெயரால் கட்டினாலும் சங்கிலி சங்கிலிதான்.

வைத்தியத்திற்குப் போனால் குழந்தையைப் பிரித்து விடுவார்களோ என்று சிலர் பயப்படுகின்றார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் வைத்தியம் பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாய்ப் பிரிக்கக்கூடாது என்கின்றது. தாயின் நோயால் குழந்தைக்கு ஆபத்து நேருமென்றாலோ, குழந்தையின் நன்மைக்கும் பாதுகாப்புக்கும் அவசியமென்றாலோதான் பிரிக்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் 2009 முதலே தாயையும் சேயையும் ஒன்றாய் வைத்து வைத்தியம் செய்யும் பிரிவு இருக்கின்றது. அப்படிப்பட்ட பிரிவு ஒவ்வொரு ஜில்லாவிலும் வேண்டுமென்று நாம் கேட்க வேண்டாமா?

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றும் பெரிதல்ல. முகாமில் தாய்மாருக்கு ஒரு மறைவிடம் கொடுங்கள். முதற் சோற்றை அவளுக்குப் போடுங்கள். குழந்தையைப் புருஷன் தூக்கட்டும், துணி மாற்றட்டும், அதனால் மீசை உதிர்ந்து விடாது. அவள் சில மணி நேரம் அயர்ந்து தூங்கட்டும். எழுந்தபின் குழந்தையை அவள் மார்பில் சாய்த்துப் பக்கத்தில் இருங்கள். புத்தி சொல்லாதீர்கள், அவள் சொல்வதைக் கேளுங்கள். 14416 என்ற அரசாங்க டெலிபோன் எண்ணில் இரவும் பகலும் இலவசமாய்ப் பேசலாம்.

தாயன்பு வானத்திலிருந்து இறங்குவதல்ல. தூக்கமும் சோறும் துணையும் உள்ள இடத்தில் வளர்வது. ஆகவே தோழர்களே, தாயைக் கும்பிடுவதை விட்டு அவளுக்குக் கைகொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.