நிலமில்லார்க்கும் நீரில் பங்கு

சண்டிகரில் வாழும் தமிழ் மக்கள் சுக்னா ஏரியை நன்கு அறிவர். சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடையொன்றை மறித்து 1958-இல் உண்டாக்கப்பட்ட ஏரி அது. இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே அதன் கொள்ளளவில் பெரும்பகுதியை வண்டல் தூர்த்துவிட்டது. அந்த மண் வந்த வழியைத் தேடிச் சென்ற நிபுணர்கள், சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தனர். இப்பொழுது அரியானாவின் பஞ்ச்குலா மாவட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர்.

அவ்வூரார் வேண்டுமென்று கேடு செய்தவரல்லர். வானம் பார்த்த பூமியில் விளைச்சல் போதாமையால் கால்நடைகளை நம்பி வாழ்ந்தனர். கால்நடைகளோ குன்றுகளை நம்பி வாழ்ந்தன. புல்லும் செடியும் அற்றுப்போன சரிவுகளை ஒவ்வொரு மழையும் அரித்தது. அரித்த மண் ஏரியைச் சென்று சேர்ந்தது.

மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா, 1970-களில் அங்கே பணியாற்றினார். அரிப்பைத் தடுக்கக் கட்டிய சிறு மண்ணணையில் நீர் தேங்கிற்று. அதனைப் பாய்ச்சிய வயல்களில் விளைச்சல் பெருகிற்று. ஆனால், உண்மையான சிக்கல் அப்பொழுதுதான் தலைகாட்டிற்று. நீர் பெற்றவர் குன்றில் மேய்ப்பதை விட்டுவிடலாம். நிலமே இல்லாதவர், எந்தப் பயனை எண்ணித் தம் ஆட்டைக் கட்டிவைப்பார்?

இதற்கு ஊரார் கண்ட தீர்வு எளியது, ஆயினும் அரியது. அணை நீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு என்று அவர்கள் வகுத்தனர். நிலமில்லாதவர் தம் பங்கை விற்கலாம். அல்லது பிறர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து அந்நீரைப் பாய்ச்சலாம். அதற்கு ஈடாக, குன்றில் கால்நடையை விடுவதில்லை என்று எல்லாரும் ஒப்பினர். முள்வேலி தேவைப்படவில்லை, ஊரின் ஒப்பந்தமே வேலியாயிற்று. குன்றில் புல் மீண்டும் தழைத்தது. ஆடுகள் குறைந்து எருமைகள் மிகுந்தன. பால் வருமானம் பெருகிற்று. கயிற்றுக்கும் காகிதத்துக்கும் பயன்படும் பாபர் புல்லும் ஊர்ச் சங்கத்துக்கு வருவாய் தந்தது.

பிற்காலத்தில் அந்தப் பங்குமுறை அவ்வாறே நிலைத்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் அது புகட்டிய பாடம் பழுதுபடவில்லை.

நம் நாட்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிற்று. அதனை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, மக்களின் முன்முயற்சி அதில் போதிய அளவு எழவில்லை என்று 1957-இல் கண்டது. மக்கள் ஏன் ஒத்துழைப்பதில்லை என்று கேட்பவர்கள், பயனில் அவர்களுக்குப் பங்குண்டா என்று முதலில் கேட்டல் வேண்டும்.

நம் தமிழகத்து ஏரிப்பாசனத்திலும் நீர் பெரும்பாலும் நிலத்தைப் பின்பற்றியே சென்றது. கரையில் மண் சுமந்தவருக்கு வயல் இல்லையேல், மதகு நீரிலும் பங்கில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மிடம், சொந்த ஊரின் ஏரியைத் தூர்வார நன்கொடை கேட்டுக் கடிதம் வருவதுண்டு. மனமுவந்து கொடுப்போம். கொடுக்கும்பொழுதே, "இந்த ஏரியால் நிலமில்லாத குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? மீன் குத்தகையிலோ, கரைமரங்களின் பலனிலோ அவர்களுக்குப் பங்குண்டா?" என்றும் கேட்போம். அந்தப் பங்கு உறுதியானால், கரையைக் காக்க ஊர் முழுவதும் நிற்கும்.