வசூல் நாள் இல்லாத தெரு



'உழைப்பும் இலக்கியமும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். பள்ளு நூல்களிலிருந்து தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து தொடங்கப் போகிறேன். முன்வரிசையில் இரண்டொரு புருவங்கள் உயர்வதைக் காண்கிறேன். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட அவ்விளையாட்டின் பெயர் 'பேப்பர்பாய்'. விண்கலங்களைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டங்கள் மலிந்திருந்த காலத்தில், வீடுதோறும் நாளிதழ் போடும் சிறுவன் ஒருவனைத் தலைவனாக்கிய ஆட்டம் அது. காசு போட்டு ஆடும் கடைகளில் நின்ற அப்பெட்டியில் மிதிவண்டியின் கைப்பிடியையே பொருத்தியிருந்தார்கள். முன்னே தள்ளினால் வண்டி விரையும். பின்னே இழுத்தால் தளரும். பொத்தானை அழுத்தினால் சுருட்டிய தாள் பறக்கும்.

தெரு சாய்வாக விரிகிறது. சந்தாதாரர் வீடுகள் வெளிர் நிறம். பிறர் வீடுகள் இருள் நிறம். சந்தாதாரரின் வாசற்படியிலோ அஞ்சற் பெட்டியிலோ தாள் விழவேண்டும். தவறினால் மறுநாள் அவர் சந்தாதாரர் அல்லர். சந்தா கட்டாதவர் வீட்டுச் சன்னலை உடைத்தாலோ, அதற்கும் மதிப்பெண் உண்டு! குறுக்கே நாய் வரும், கார் வரும், புல்வெட்டும் எந்திரம் வரும். கறுப்பங்கி போர்த்த காலனே நடைபாதையில் வந்து நிற்பான். திங்களில் தொடங்கி ஞாயிறு வரை தாக்குப்பிடித்தால் ஆட்டம் முடிந்தது.

என் மகன் பழைய ஆட்டங்களைத் தேடிப்பிடித்துக் கணிப்பொறியில் ஆடுகிறவன். ஒருநாள் அவன் இதனை ஆடிக்கொண்டிருக்க, என் தம்பி பின்னால் நின்று பார்த்தான். தம்பி பள்ளி நாள்களில் மூன்றாண்டு விடியற்காலையில் பேப்பர் போட்டவன். நாயைக் கண்டு சிரித்தான். மருமகனின் கைவாகைத் திருத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரிதான் அக்கா, இவன் வசூலுக்கு என்னைக்குப் போவான்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் இன்று என்னை இங்கே பேசவைத்திருக்கிறது.

'நாளைக்கு வா' என்று இரண்டு மாதம் இழுத்தடித்த ஒரு வீட்டைத் தம்பி இன்னும் மறக்கவில்லை. அந்தப் பணம் அவன் சம்பளத்தில்தான் பிடிக்கப்பட்டது. அவ்வீட்டுச் சன்னலை நோக்கி அவன் கை ஒருநாளும் தினவெடுக்கவில்லை என்று நான் சான்று கூறமாட்டேன்.

இது நம்மூர்த் துயரம் மட்டும் அன்று. அமெரிக்காவில் இச்சிறுவர்களைத் தொழிலாளர் என்றே கொள்ளாமல் 'சிறு வணிகர்' என்று வைத்திருந்தார்கள். மொத்த விலைக்குத் தாளை வாங்க வேண்டியவனும், வாயில்தோறும் நின்று காசு கேட்க வேண்டியவனும், கொடாதவர் பாக்கியைச் சுமக்க வேண்டியவனும் சிறுவனே. அதற்கும் முன், தெருவில் கூவி விற்ற சிறுவர்களின் கதை வேறு. 1898 போரின்போது நியூயார்க்கில் நூறு தாளின் விலை 50 சென்டிலிருந்து 60 சென்டாக உயர்ந்தது. போர் முடிந்தும் புலிட்சர், ஹெர்ஸ்ட் ஆகியோரின் இதழ்கள் விலையைக் குறைக்கவில்லை. 1899 ஜூலையில் சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலை இறங்கவில்லை, ஆனால் விற்காத தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முதலாளிகள் இசைந்தார்கள். அச்சிறுவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது!

விளையாட்டைக் குறைகூற நான் வரவில்லை. ஒரு வீட்டை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தை அது நன்கறிந்திருக்கிறது. அங்கும் இன்று பெரும்பாலும் காரில் வரும் பெரியவர்களே தாள் போடுகிறார்கள்; மறைந்துபோன சிறுவனின் கைவீச்சு இந்த ஆட்டத்தில் மிஞ்சியிருக்கிறது. கைவீச்சு மிஞ்சியது, கூலி மிஞ்சவில்லை.

நம் கவிதைகளும் இதைத்தானே செய்கின்றன? வியர்வையைப் பாடுகிறோம், காய்த்த கையைப் பாடுகிறோம், அரிவாளைப் பாடுகிறோம். அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை நாள் அலையவிட்டார்கள் என்பது வரிகளில் வருவதில்லை. இவ்வட்டத்தில் நான் படித்த 'நாற்று நடுபவள்' கவிதைக்கு நீங்கள் கைதட்டினீர்கள். அதில் அவள் முதுகு இருந்தது, சேறு இருந்தது, கூலி இல்லை. கேட்போர் மகிழப் பாடிய முக்கூடற்பள்ளுகூடப் பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டியதை விட்டுவிடவில்லை. முனைவர் பட்டம் பெற்ற நான் விட்டுவிட்டேன்.

அன்று தம்பியும் ஒருமுறை ஆடினான். இருண்ட வீடுகளின் சன்னல்களை அவன் தொடவேயில்லை. "உடைங்க மாமா, பாயிண்ட் வரும்" என்று மகன் கத்தினான். "வேணாண்டா, நாளைக்கு இவங்களும் பேப்பர் போடச் சொல்லலாம்" என்றான் தம்பி. செவ்வாய்க்கிழமை நாயிடம் மாட்டிக்கொண்டான்.