தாய்மார்களும் தேகப்பயிற்சியும்

(தோட்டக் கிளைச் சங்க மாதர் பகுதிக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



தேகப்பயிற்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் ஓர் அம்மா சிரித்தார். "இருட்டோடு எழுந்து ஐந்நூறு மரத்தைச் சுற்றுகிறோம், பால்வாளி தூக்குகிறோம். இதற்கு மேலுமா பயிற்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேசை முன் உட்கார்ந்து செக்ரோல் எழுதும் எங்களைப் போன்ற கிராணிமார் அதைக் கேட்டு வெட்கப்படவும் வேண்டும். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

மரம் வெட்டுவது கடும் உழைப்பு. அந்த நடை உடம்புக்கு நல்லதும்கூட. ஆனால் வேலை நம் உடம்பின் சௌகரியத்தைப் பார்த்து நடப்பதில்லை. குனிந்து, கழுத்தைச் சாய்த்து, ஒரே பக்கமாக உளியை இழுக்கிறோம். இடுப்பு நோகிறது என்று பாதி மரத்தில் நிறுத்த முடியுமா? பயிற்சி அப்படியல்ல. வேலையில் அசையாத தசைகளை அசைத்து, நோகும் இடத்தைத் தளர்த்தி, அளவை நாமே வைத்துச் செய்வது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்கள் எத்தனையோ. நம் பெண்களில் பலர் இன்று தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். ஆபீசிலும் கடையிலும் வேலை செய்கிறார்கள். பாட்டி நடந்த நடை போய்விட்டது. பாட்டி போட்டுத் தின்ற சோற்றின் அளவு போகவில்லை. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவருக்கு இனிப்பு நீர். பாதிப் பேருக்கு மேல் அளவுக்கு மிஞ்சிய எடை. 2019 ஆய்வில் இனிப்பு நீர் மிக அதிகமாகக் காணப்பட்டது இந்தியர்களிடையேதான். இது யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி அல்ல.

சரி, எவ்வளவு பயிற்சி வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு இது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், சற்றே மூச்சு வாங்கும்படி நடை போன்ற பயிற்சி. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமானாலும் சேரும்.

150 நிமிடத்துக்கு எங்கே போவது என்கிறீர்கள். இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது.

1886-இல் சிக்காகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுக் கிளம்பினார்கள். உழைப்புக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு, மீதி எட்டு நமக்கு என்பதே அந்த இயக்கத்தின் கோரிக்கை. நம் நாட்டில் வாரத்துக்கு 48 மணியாக இருந்த வேலை நேர உச்சவரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகக் குறைந்தது. குறைந்தது மூன்று மணி, அதாவது 180 நிமிடம். அந்த 180 நிமிடம் நம் வீடுகளில் யாருக்குக் கிடைத்தது? ஆண்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். ஆணுக்கு அது ஓய்வாக வந்தது. பெண்ணுக்கு இன்னொரு கூடைத் துணியாக வந்தது.

எங்கள் கிளை செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திடலில் பெண்களுக்குப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டினோம். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் நான்கு பேர். "பெண்களுக்கு அக்கறையில்லை" என்று கமிட்டியில் பேசிக்கொண்டோம். ஒரு சகோதரி எழுந்து, "அந்த நேரத்தில் உங்களுக்குப் பசியாற யார் செய்வது?" என்று கேட்டார். கமிட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு நேரத்தைப் பெண்களிடமே விட்டோம். பால் நிறுத்து, வாளி கழுவி, வீட்டுக்குப் போகும் முன் பத்து நிமிடம் என்றார்கள். "படி ஏறிவிட்டால் வேலை பிடித்துக்கொள்ளும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்" என்றார்கள். அது நிலைத்துவிட்டது.

ஏன் நிலைத்தது? நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் அதைக் கட்டினார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்துப் பழக்கம் படிவதைப் பார்த்து, 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரி 66 நாள் ஆயிற்றாம். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்கூட. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, திருவிழா என்று ஒரு நாள் விட்டால் மறுநாள் தொடருங்கள். "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. பெஞ்சில் உட்கார்ந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்திருங்கள். சுவரில் கையை ஊன்றி மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளுங்கள். தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நாளெல்லாம் குனிந்த முதுகை, இடுப்பில் கைவைத்து மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு தோழிகளோடு வேகமாக ஒரு நடை. இரத்தக் கொதிப்பு, நெஞ்சுவலி, இனிப்பு நீர் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். வலித்தால் நிறுத்துங்கள், இங்கே கங்காணி இல்லை.

சகோதரர்களே, கடைசி வார்த்தை உங்களுக்கு. முதலாளியிடம் நேரம் கேட்டு வாங்கத் தெரிந்த நாம், வீட்டில் நேரம் கொடுக்கவும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அரை மணிக்குச் சோற்றை நாம் உலையில் போடுவோம். பிள்ளையை நாம் பார்த்துக்கொள்வோம். இதை உதவி என்று சொல்லாதீர்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி.

தாய்மார்களே, நாளைக்கு வாளி கழுவியதும் வீட்டுக்கு ஓடாதீர்கள். பத்து நிமிடம் நில்லுங்கள்.