சொல்லோடு ஊரையும் எழுதுங்கள்



சேலம், நாமக்கல் சமவெளியின் பேச்சுத்தமிழை ஆராய வந்திருக்கிறீர்கள். உங்கள் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். அதற்கு முன் ஓர் ஒப்பீடு.

சீனத்தில் பெய்ஜிங்காரர் பேச்சு, கான்டனீஸ் மட்டுமே அறிந்தவருக்குப் புரியாது. எழுத்துதான் இருவருக்கும் பொது. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருப்பதால் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஹான் அரசர் காலத்திலேயே யாங் சியோங் என்ற அறிஞர் பல வட்டாரச் சொற்களைத் திரட்டி நூலாக்கினார். 2008இல் 930 இடங்களின் பேச்சைக் காட்டும் மொழி நிலப்படமே வெளிவந்துவிட்டது.

நம் வேறுபாடுகள் சிறியவை. திருச்செங்கோட்டார் பேசுவது ஆத்தூராருக்குப் புரிகிறது. புரிகிறதே என்றுதான் எழுதிவைக்காமல் விட்டோம். திசைச்சொல்லைத் தனி வகையாகக் கண்ட தொல்காப்பியத்தின் வழிவந்தவர்களுக்கு இது அழகல்ல. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பும் சென்னை மாகாணத்தை விட்டுவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம்தான்.

நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ எழுதிக் கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தார். பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் வந்தது. இட்டேரி, ஒறம்பரை, பொடக்காலி போன்ற நம் சொற்களுக்கு ஏட்டில் இடம் வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த உழைப்புக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் ஒரு சொல் எந்த ஊர்வரை செல்கிறது, எங்கே வேறு சொல்லுக்கு வழிவிடுகிறது என்பதைக் காட்ட நிலப்படம்தான் வேண்டும்.

‘கொங்குத்தமிழ்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். கொங்கு மண்டல சதகம் மதிற்கரையைக் கிழக்கெல்லையாகச் சொல்கிறது. அது நாட்டெல்லை. பேச்சுக்கு அப்படி ஒற்றைக் கோடு கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனி எல்லை உண்டு. சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் என்று கிழக்கே போகப் போகக் கொங்குச் சாயல் தேய்ந்து நடுநாட்டுச் சாயல் ஏறுகிறது. என் பார்வையில் இந்த இடைநிலம்தான் நம் ஆய்வின் வளமான பகுதி.

குச்சிக்கிழங்கையே பாருங்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். குச்சியை வெட்டி நட்டு வளர்ப்பதால் நம் உழவர்கள் அப்படி அழைக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் அதுவே மரச்சீனி. அரசுத் துண்டறிக்கையில் மரவள்ளி. இந்தக் கிழங்கை நம்பி இத்தனை சேகோ ஆலைகள் இயங்கும் மண்ணில், குச்சிக்கிழங்கு என்ற பெயர் எந்தெந்த ஊர்வரை வழங்குகிறது என்று காட்ட நானறிந்து ஒரு படமில்லை. வருத்தமாக இருக்கிறது. பயிரின் பரவலையும் சொல்லின் பரவலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியவரும்!

ஊர் மட்டும் போதாது. சேலத்து நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரமும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். அவர்கள் தமிழும் நம் ஆய்வுக்குரியது. கொல்லிமலைப் பேச்சும் அப்படியே. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலங்களுக்குப் போய்வரும் திருச்செங்கோட்டு இளைஞர்களையும் நாமக்கல் லாரி ஓட்டுநர்களையும் விட்டுவிடாதீர்கள்.

ஆகவே, இங்கே படிக்கும் கட்டுரைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே சொன்னவரின் ஊர், வயது, தொழில், வீட்டு மொழி ஆகியவற்றைக் குறியுங்கள், பெயர் வேண்டாம். குறிக்காதவர்கள் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும்முன் சேர்த்துவிடுங்கள். இனி முதல் அமர்வைத் தொடங்கலாம்.