டேனரி வாசலும் ஆய்வுக்கூட வாசலும்

பல்கலைக்கழகங்களால் இந்தத் தோல் வட்டாரத்துக்கு என்ன லாபம் என்று வேலூர் லாங் பஜாரில் நின்று கேட்டால், சட்டென்று பதில் வராது. வளரும் நாடுகளில் கல்விக்கூடமும் தொழிற்கூடமும் கைகோக்க வேண்டும் என்று பேசாத மேடை இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காகிதம் இருவரையும் சேர்த்துவைப்பதில்லை. தப்பிக்க வழியில்லாத நெருக்கடி சேர்த்துவைக்கிறது. அதற்கு டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், நிறைந்த பாலாற்றங்கரையே சாட்சி.

மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் சென்னை அடையாறில் தொடங்கியது. அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருந்ததால் படிப்பும் ஆய்வும் சேர்ந்தே வளர்ந்தன. 1958இல் இயக்குநரான நாயுடம்மா அந்த உறவைத் தொழில்வரைக்கும் நீட்டினார். ஆனாலும், அரைப்பதத் தோலைக் கப்பலேற்றியே லாபம் பார்த்தவர்களுக்கு முழுத்தோல் செய்யும் ஆசை தானாக வரவில்லை. 1970களில் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் விவரம் தெரிந்த ஆட்களைத் தேடினார்கள். ஆட்கள் இருந்தார்கள். நெருக்கடி வந்தபிறகு கல்லூரி கட்டத் தொடங்கியிருந்தால் ஒரு தலைமுறை போயிருக்கும்.

தொழிலோடு நெருங்கினால் பல்கலைக்கழகம் முதலாளியின் கணக்குப்பிள்ளை ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். இதே வேலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம், டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகக் கணக்கிட்டது. டேனரி மாசு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அந்தக் கணக்கு இடம்பெற்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாவிட்டால் மூடல் என்றது தீர்ப்பு. ஒரு பல்கலைக்கழகம் உழவர் பக்கத்து உண்மையைச் சொன்னது. அடையாறு ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ தொழிலுக்கு வழி காட்டும் வேலை இருந்தது. இரண்டும் தேவைப்பட்டன.

சிறிய டேனரிக்கு ஆராய்ச்சி கட்டுப்படியாகுமா என்பது இன்னொரு கேள்வி. தனியாக முடியாது. கழிவுநீரையும் தனியாகச் சுத்திகரிக்க முடியாமல்தானே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்கு போட்டார்கள்! இன்றைய முட்டுக்கட்டை பணத்தைவிடப் பயம் என்றே நினைக்கிறேன். உப்பும் அமிலமும் சேர்த்துத் தோலை ஊறவைக்கும் கட்டத்தைத் தவிர்த்து, தண்ணீர் ஊற்றாமலே குரோம் ஏற்றும் முறையை அடையாறில் உருவாக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு டிரம் சரக்கு கெட்டால் நஷ்டம் யாருக்கு? விஞ்ஞானிக்குக் கட்டுரை மிஞ்சும். முதலாளிக்குக் கடன் மிஞ்சும்.

பாலாற்று மாசு 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்புக்குக் காரணமாயிற்று. நெருக்கடி இன்னும் தீரவில்லை; ஆகவே இனிப் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: முதல் சோதனைச் சரக்கு கெட்டால் நஷ்டத்தை டேனரி, ஆய்வுக்கூடம், அரசு மூவரும் பங்கிட வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தால், ஆம்பூரில் ஒரு சின்ன டேனரிக்காரர் ஒரு டிரம்மையாவது சோதனைக்கு விட்டுப்பார்ப்பார்.