பைஎம்சி இன்ஸ்டால் ஆயிடுச்சு, ஆனா ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது?

ஒரு மாணவி கேட்டிருந்தாங்க: "பைஎம்சி இன்ஸ்டால் பண்ணிட்டேன், எரர் எதுவும் வரலை. ஆனா சின்ன மாடல்கூட மணிக்கணக்கா ஓடுது. புராஜெக்ட் கொடுக்க ஒரு வாரம்தான் இருக்கு. பேயசியன் முறையையே விட்டுடலாமா?"

விட வேண்டாம். முதல்ல, இம்போர்ட் பண்ணும்போது சிவப்புல வர்ற அந்த வார்னிங்கைப் படிங்க.

நாம எழுதுற மாடலை பைஎம்சி நேரடியா கணக்குப் போடுறதில்லை. பைடென்சர் என்ற லைப்ரரிகிட்ட கொடுக்குது. பைஎம்சி 5 வரிசையின் பல பதிப்புகள்ல, பைடென்சர் அதை சி மொழிக்கு மாற்றி, உங்க கணினியிலேயே கம்பைல் பண்ணும். அதுக்கு ஜி பிளஸ் பிளஸ் கம்பைலர் தேவை. அது இல்லைன்னாலும் வேலை நிற்காது. ஒரு வார்னிங் மட்டும் காட்டிட்டு, வெறும் பைத்தானில் ஊர்ந்து போகும். குறை முறையில இல்லை, இன்ஸ்டால் பண்ணின வழியில இருக்கு.

பிப் பைத்தான் பேக்கேஜ்களைத்தான் கொண்டுவரும். சிஸ்டத்துக்குத் தனியா கம்பைலர் போட்டுத் தராது. கோண்டா ஃபோர்ஜ் கம்பைலரையும், மேட்ரிக்ஸ் கணக்குக்கான பிளாஸ் லைப்ரரியையும் சேர்த்தே தரும். பைஎம்சி ஆவணமே கோண்டா ஃபோர்ஜ் வழியா, புது என்விரான்மென்ட்ல போடச் சொல்றது இதனாலதான்.

அடுத்து கூடுதல் பேக்கேஜ்கள். இவை கட்டாயம் இல்லை. மாடலைப் படமா பார்க்கணும்னா கிராஃப்விஸ். இங்கேயும் அதே கதைதான்: பிப்ல வர்றது பைத்தான் இணைப்பு மட்டும், படம் வரையுற புரோகிராமைத் தனியா போடணும். கோண்டாவில் ரெண்டும் சேர்ந்து வரும். வேகம் வேணும்னா ரஸ்ட் மொழியில் எழுதின நட்பை, இல்லைன்னா ஜாக்ஸ் மேல ஓடுற நம்பைரோ, பிளாக்ஜாக்ஸ். சாம்பிள் எடுக்கும் வரியில் எந்த சாம்ப்ளர்னு பெயரைக் கொடுத்தா போதும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல போடாதீங்க. முதல்ல அடிப்படையை மட்டும் போட்டு, சின்ன மாடல் ஒண்ணை ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சேருங்க. அப்பதான் ஏதாவது உடைஞ்சா எதால உடைஞ்சதுன்னு தெரியும். சரியா ஓடின என்விரான்மென்டை ஒரு ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க.

கடைசியா ஒண்ணு. டைவர்ஜென்ஸ் வார்னிங் வந்தா, வேகமான சாம்ப்ளர் மாத்தினா தீர்ந்துடும்னு நினைக்காதீங்க. பல நேரம் அங்க திருத்த வேண்டியது மாடலைத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.